சாவுக்குப் பிறகும் குடும்பம்: மார்மன் நம்பிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் பள்ளத்தாக்கில் ஆறு வருடம் குடியிருந்தேன். எங்கள் தெருவில் பாதிக்கு மேல் மார்மன் வீடுகள். ஊருக்கு ஃபோன் போட்டாலும் சரி, லீவில் வந்தாலும் சரி, சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்: "செத்த பிறகும் புருஷன் பொண்டாட்டியாவே இருப்பாங்களாமே, நிஜமா?"

நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன். எங்கள் கல்யாணத்தில் மரணம் பிரிக்கும்வரை என்றுதான் உறுதி சொல்வோம். அதனாலேயே இந்த நம்பிக்கை என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டில் எண்பது தாண்டிய ஓர் அம்மா இருந்தார். அவரிடம் கேட்டதும், பிறகு படித்துச் சரிபார்த்ததுமாகச் சேர்ந்தவை கீழே.

மார்மன்கள் என்றால் யார்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அவர்களின் முழுப் பெயர். ஜோசப் ஸ்மித் 1830 ஏப்ரல் 6-ல் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க 1.7 கோடிக்கு மேல் உறுப்பினர்கள். பைபிளோடு மார்மன் புத்தகம், 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' போன்ற நூல்களையும் வேதமாக வைத்திருக்கிறார்கள். 'மார்மன்' என்ற பட்டப்பெயரைத் தவிர்க்கும்படி 2018-ல் சபைத் தலைவர் கேட்டுக்கொண்டார். தமிழ் வாசகருக்கு வேறு பெயர் பழக்கமில்லை என்பதால் இங்கே அதையே எழுதுகிறேன், மரியாதைக் குறைவாக இல்லை.

அந்த மரபிலிருந்து பிரிந்த வேறு சபைகளும் உண்டு. கீழே சொல்வது சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய சபையைப் பற்றி மட்டும்.

கல்யாணம் சாவோடு முடிவதில்லை என்று உண்மையிலேயே நம்புகிறார்களா?

ஆமாம். அதுவும் ஓர் ஓரத்து நம்பிக்கையாக இல்லை, நடு வீட்டுத் தூண் மாதிரி.

மற்ற கிறிஸ்தவர்கள் 'மீட்பு' என்று சொல்லும்போது ஒரு தனி ஆத்துமா கடவுளிடம் சேர்வதைத்தான் பெரும்பாலும் நினைப்போம். மார்மன் போதனையில் தனியாள் போய்ச் சேரக்கூடிய இடங்கள் உண்டு, ஆனால் உச்சி இடத்துக்குத் தனியாகப் போக முடியாது. 1832-ல் ஜோசப் ஸ்மித் கண்டதாகச் சொன்ன தரிசனத்தின்படி மறுமை மூன்று ராஜ்யங்களாகப் பிரிந்திருக்கிறது: சிலஸ்டியல், டெரஸ்ட்ரியல், டெலஸ்டியல். மிக உயர்ந்த சிலஸ்டியல் ராஜ்யத்துக்குள்ளும் மூன்று படி. மேல்படிக்குப் போக வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் நித்தியத் திருமண உடன்படிக்கைக்குள் வந்திருக்க வேண்டும் என்று 1843 மே மாதம் போதித்தார். இந்த நிலைக்கு 'மேன்மைப்படுதல்' என்று பெயர்.

அதே ஆண்டு ஏப்ரலில் அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட நெருக்கமாகப் படுகிறது. இங்கே நமக்குள் இருக்கும் இதே பழக்கமும் உறவும்தான் அங்கேயும் இருக்கும், ஆனால் நித்திய மகிமையோடு சேர்ந்திருக்கும் என்றார். அதாவது சொர்க்கம் என்பது நம் வீட்டுக் கூடத்தின் நீட்சி. வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று பாட்டுப் பாடும் சொர்க்கத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கு இது புதுசாக இருந்தது.

உடன்படிக்கை செய்ததாலேயே எல்லாம் உறுதியாகிவிடாது. இரண்டு பேரும் அதைக் காப்பாற்றி வாழ வேண்டும். அப்படி வாழாவிட்டால் சடங்கு மட்டும் எதையும் தராது என்று அந்த வேதமே சொல்கிறது.

"உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை" என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே?

கிறிஸ்தவ நண்பர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். மத்தேயு 22-ம் அதிகாரம். உயிர்த்தெழுதல் என்று ஒன்று இல்லவே இல்லை என்று வாதாடிய சதுசேயர்கள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஏழு சகோதரர்கள். மூத்தவன் பிள்ளையில்லாமல் செத்துப்போக, மோசேயின் சட்டப்படி அடுத்தவன் அவன் மனைவியைக் கட்டுகிறான். அவனும் சாகிறான். இப்படியே ஏழு பேரும் கட்டி ஏழு பேரும் செத்தார்கள். உயிர்த்தெழும்போது அவள் யாருக்கு மனைவி? அதற்குத்தான் இயேசு அந்தப் பதிலைச் சொல்கிறார்: கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை, அவர்கள் தேவதூதரைப்போல் இருப்பார்கள்.

இதற்கு மார்மன்கள் சொல்லும் பதிலை, நம் தமிழ் வேதாகமத்தின் சொல்லை வைத்தே எளிதாக விளக்கிவிடலாம். 'கொள்வனை கொடுப்பனை' என்று நம் ஊரில் எதைச் சொல்கிறோம்? பெண் எடுப்பதையும் பெண் கொடுப்பதையும். "அந்த ஊருக்கும் நமக்கும் கொள்வனை கொடுப்பனை கிடையாது" என்றால் சம்பந்தம் பேச மாட்டோம் என்று பொருள், ஏற்கெனவே கல்யாணமானவர்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. மூலமான கிரேக்கத்திலும் அந்த இடத்தில் வருவது திருமணம் செய்வது, செய்துகொடுப்பது என்ற இரண்டு வினைகள்தான். அங்கே போன பிறகு புதிதாகக் கல்யாணம் நடக்காது, அதனால்தான் இங்கேயே, அதற்கான அதிகாரம் உள்ளவர் கையால் முடித்துக்கொள்ள வேண்டும் என்று மார்மன்கள் வாசிக்கிறார்கள்.

1843 ஜூலை 12-ல் எழுதி வைக்கப்பட்ட, இன்று 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' நூலில் 132-ம் பாகமாக இருக்கும் வெளிப்பாடு இந்த வசனத்தையே எடுத்துப் பேசுகிறது. இந்த உலகத்துக்கு மட்டும் என்று கல்யாணம் செய்தவர்கள் மறுமையில் தேவதூதர்களாக, ஊழியக்காரர்களாக, தனித்தனியாக இருப்பார்கள் என்கிறது. ஆக, இயேசு சொன்னது அப்படிப்பட்டவர்களைப் பற்றி என்பது அவர்கள் முடிவு.

என் அபிப்பிராயத்தையும் மறைக்கவில்லை. அந்தப் பகுதியை முன்னும் பின்னும் சேர்த்து வாசித்தால், கல்யாணம் என்ற ஏற்பாடே இந்த உலகத்தோடு நின்றுவிடுகிறது என்பதுதான் நேர்ப்பொருளாக எனக்குப் படுகிறது. ஆனால் மார்மன்கள் இந்த வசனத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனவர்கள் என்று யாராவது சொன்னால் அது தப்பு.

இந்த நம்பிக்கை எங்கிருந்து பிறந்தது?

கோட்பாடாகப் படித்தால் இது வறட்சியாக இருக்கும். அந்த வீட்டுச் சாவுகளை வரிசையாகப் பார்த்தால் புரியும்.

ஜோசப் ஸ்மித்துக்கு ஆல்வின் என்று ஓர் அண்ணன். அப்பா அம்மாவுக்கு நல்ல வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்று அதற்கான வேலையைத் தொடங்கியவர். 1823 நவம்பரில் திடீரென்று வயிற்று வலி வந்து, சில நாட்களில் இறந்துபோனார். வயது 25. ஞானஸ்நானம் பெறாதவர். அடக்கத்தின்போது பிரசங்கம் செய்த போதகர், ஆல்வின் நரகத்துக்குத்தான் போயிருப்பார் என்கிற மாதிரிப் பேசினார் என்று தம்பி ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அப்பாவுக்கு அது ஆறாத காயம்.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1836 ஜனவரியில், ஒஹாயோவின் கர்ட்லண்ட் ஆலயத்தில் ஜோசப் ஒரு தரிசனம் கண்டதாகச் சொன்னார். சிலஸ்டியல் ராஜ்யத்தில் ஆல்வின் இருந்தார். ஞானஸ்நானம் இல்லாதவர் எப்படி அங்கே என்று வியந்தாராம். சுவிசேஷத்தைக் கேட்கும் வாய்ப்பே கிடைக்காமல் இறந்தவர்கள், கிடைத்திருந்தால் ஏற்றிருப்பார்கள் என்றால், அவர்களுக்கும் அங்கே பங்கு உண்டு என்பது அவருக்குக் கிடைத்த பதில். விவரம் தெரியும் வயதுக்கு முன் இறந்த குழந்தைகள் எல்லாரும் காப்பாற்றப்படுகிறார்கள் என்பதும் அதே தரிசனத்தில் வருகிறது. அந்த வயதை அவர்கள் எட்டு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

குழந்தைகளைப் பற்றிய அந்த வரியைச் சொன்னவர் யார் என்று பாருங்கள். அவர் மனைவி எம்மா பெற்ற 9 பிள்ளைகளில் 5 பேர் பிறந்த கையோடோ சிறு வயதிலோ இறந்தார்கள். 1831-ல் பிறந்த இரட்டைக் குழந்தைகள் அன்றைக்கே இறந்தன. அதே சமயத்தில் தாயை இழந்த வேறொரு இரட்டையரைத் தத்தெடுத்தார்கள். அதில் ஆண் குழந்தையும் அடுத்த வருடமே போய்விட்டது.

அந்த ஆண்டே, 1836 ஏப்ரல் 3-ல், அதே ஆலயத்தில் எலியா தீர்க்கதரிசி தோன்றிக் குடும்பங்களைக் கட்டும் அதிகாரத்தைக் கொடுத்ததாக நம்புகிறார்கள். மல்கியாவின் கடைசி வசனத்தில் பிதாக்களுடைய இருதயத்தைப் பிள்ளைகளிடத்துக்கும், பிள்ளைகளுடைய இருதயத்தைப் பிதாக்களிடத்துக்கும் திருப்ப வருவார் என்று சொல்லப்பட்ட அதே எலியா. பேதுருவிடம் இயேசு சொன்ன "பூலோகத்திலே நீ கட்டுகிறது எதுவோ அது பரலோகத்திலும் கட்டப்பட்டிருக்கும்" என்பதையும் இதோடு சேர்த்து வாசிப்பார்கள். ஜோசப்பும் எம்மாவும் இந்த முறைப்படி இணைக்கப்பட்டது 1843 மே 28-ல். அடுத்த வருடம் ஜூன் 27-ல் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து ஜோசப்பையும் அவர் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது.

ஹைரமின் மகன் அப்போது ஐந்து வயதுப் பையன். அவன்தான் பின்னாளில் சபைத் தலைவரான ஜோசப் எஃப். ஸ்மித். 1918 ஜனவரியில் தன் மகனைப் பறிகொடுத்தார். அது முதல் உலகப் போரும், கூடவே கொள்ளைக் காய்ச்சலும் ஊரை வாட்டிய வருடம். அந்த அக்டோபரில், சாவுக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே ஆவிகள் இருக்கும் உலகத்தைக் கண்டதாகச் சொன்னார். அங்கேயும் சுவிசேஷம் சொல்லப்படுகிறது, அங்கேயும் மனம் திரும்ப முடியும் என்று. அடுத்த மாதமே இறந்தார்.

'முத்திரித்தல்' எப்படி நடக்கும்?

கணவன் மனைவியையும், பெற்றோர் பிள்ளைகளையும் நித்தியத்துக்கும் இணைக்கும் சடங்குக்குத்தான் முத்திரித்தல் என்று பெயர். ஞாயிறு ஆராதனை நடக்கும் சாதாரண சபைக் கட்டடத்தில் இது நடக்காது, ஆலயத்தில் மட்டும்தான். ஆலயத்துக்குள் போக, ஒழுங்காக நடப்பவர் என்று உள்ளூர்த் தலைவர்கள் பேசிப் பார்த்துக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டு வேண்டும்.

பிரதிஷ்டைக்கு முன் சில வாரம் புதிய ஆலயங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒன்று திறந்தபோது பக்கத்து வீட்டு அம்மாதான் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் செருப்புக்கு மேல் மாட்ட வெள்ளை உறை கொடுத்தார்கள். உள்ளே ஒரு முத்திரிக்கும் அறை. பெரிய அறை இல்லை. நடுவில் இடுப்பளவு உயரத்தில் மெத்தை வைத்துத் தைத்த பீடம், மேலே சரிகைத் துணி. இரண்டு பக்கமும் மண்டியிடத் திண்டு. ஓரத்தில் உறவினருக்கு நாற்காலிகள். எதிரெதிர்ச் சுவரில் இரண்டு பெரிய கண்ணாடிகள். பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால், ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கிற வரிசை. "இந்தப் பக்கம் பார்த்தா முன்னோர்கள், அந்தப் பக்கம் பார்த்தா பேரப்பிள்ளைகள்" என்று அந்த அம்மா காதோரம் சொன்னார். அவருக்கு நடந்த அறை வேறு, கண்ணாடிகள் அப்படியே.

சடங்கன்று மாப்பிள்ளையும் பெண்ணும் வெள்ளை உடுத்தி, பீடத்தின் இரு பக்கமும் எதிரெதிரே மண்டியிட்டுக் கையைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு சாட்சிகள். அதிகாரம் பெற்றவர் முதலில் சற்று நேரம் அறிவுரை சொல்லிவிட்டு, 'இந்த வாழ்வுக்கும் நித்தியம் முழுமைக்கும்' இணைக்கிறார். பாட்டு இல்லை, ஊர்வலம் இல்லை, சீக்கிரமே முடிந்துவிடும். மோதிரம் மாற்றுவது சடங்கில் சேர்ந்ததில்லை.

முத்திரிக்கப்பட்ட தம்பதிக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகள் உடன்படிக்கைக்குள்ளேயே பிறந்தவர்கள், அவர்களுக்குத் தனியாகச் சடங்கு வேண்டாம். புதிதாகச் சபையில் சேர்ந்த குடும்பம் என்றால் பிள்ளைகளையும் வெள்ளை உடையில் கூட்டி வருவார்கள். அவர்களும் பீடத்தைச் சுற்றிக் கூடி அப்பா அம்மா கைமேல் கை வைப்பார்கள்.

சபையில் இல்லாத பெற்றோர் மகள் கல்யாணத்தைப் பார்க்கவே முடியாதாமே?

முத்திரித்தலைப் பார்க்க முடியாது. பரிந்துரைச் சீட்டு இல்லாத அப்பாவும் அம்மாவும் வெளியே காத்திருந்து, வாசலில் மகள் வருவதைப் பார்த்துக் கும்பலாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். இது நிறையக் குடும்பங்களில் ஆறாத மனவருத்தத்தை உண்டாக்கியிருக்கிறது. அமெரிக்காவில் வெளியே சட்டப்படிக் கல்யாணம் செய்துகொண்டால் ஆலயத்துக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. அதனால் பெற்றோருக்காக வெளியே ஒரு கல்யாணம் வைக்கத் தயங்கினார்கள். 2019 மே மாதம் அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லாரும் பார்க்க ஒரு கல்யாணம், பிறகு ஆலயம் என்று செய்ய முடிகிறது. இது முன்பே வந்திருக்க வேண்டிய மாற்றம்.

ஏற்கெனவே செத்துப்போனவர்களை எப்படிச் சேர்க்கிறார்கள்?

உயிரோடு இருப்பவர் பதிலாக நின்று. 1840 ஆகஸ்டில் ஒரு சாவு வீட்டுப் பிரசங்கத்தில், 1 கொரிந்தியர் 15-ல் வரும் மரித்தவர்களுக்கான ஞானஸ்நானத்தைப் பற்றி ஜோசப் ஸ்மித் பேசினார். உடனே ஜனங்கள் மிசிசிப்பி ஆற்றில் இறங்கிச் செத்துப்போன தங்கள் உறவினர் பெயரில் முழுக்கு எடுக்கத் தொடங்கினார்கள். இன்று ஆலயங்களில், 12 எருதுச் சிலைகள் தாங்கும் தொட்டியில், பதின்வயதுப் பிள்ளைகள்கூட முன்னோர் பெயருக்கு முழுக்கு எடுக்கிறார்கள். அதன் பிறகு முன்னோரைக் கணவன் மனைவியாக, பெற்றோர் பிள்ளையாக முத்திரிப்பார்கள். பூட்டனுக்கும் பூட்டிக்கும் பதில் இரண்டு பேர் பீடத்தில் மண்டியிடுவார்கள். செத்தவர் விரும்பினால் ஏற்கலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்பது நம்பிக்கை.

இதைச் செய்யப் பெயர் வேண்டும், பிறந்த தேதி வேண்டும், யார் யாருக்கு மகன் என்று தெரிய வேண்டும். மார்மன்களின் வம்சாவளி ஆராய்ச்சிக்குக் காரணம் இதுதான். தொடக்க காலத்தில் பலர் சொந்த அப்பாவை விட்டுவிட்டுச் சபைத் தலைவர்களுக்குப் பிள்ளைகளாகத் தங்களை முத்திரித்துக்கொண்டார்கள். 1894-ல் அன்றைய சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அதை நிறுத்தி, சொந்தத் தாய் தகப்பனோடு சேருங்கள், எட்டும்வரை பின்னோக்கித் தேடுங்கள் என்றார். அதே ஆண்டு நவம்பரில் யூட்டா வம்சாவளிச் சங்கம் தொடங்கியது. 1938 முதல் உலகெங்கும் உள்ள சர்ச் பதிவேடுகள், அரசுப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்தார்கள். சால்ட் லேக் சிட்டிக்குத் தென்கிழக்கே, லிட்டில் காட்டன்வுட் கணவாயில் கருங்கல் மலையைக் குடைந்து அவற்றை வைத்திருக்கிறார்கள். 24 லட்சம் சுருள். அவற்றை டிஜிட்டலாக மாற்றி ஃபேமிலிசர்ச் என்ற இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். எந்த மதத்தாரும் காசு கொடுக்காமல் தேடலாம்.

இந்த வேலையால் மனவருத்தங்களும் வந்தன. யூத இன அழிப்பில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களுக்கும் ஞானஸ்நானம் நடந்தது தெரிந்து யூதர்கள் கொதித்தார்கள். 1995-ல் சபை அதை நிறுத்த ஒப்புக்கொண்டது. கடந்த 110 வருடத்துக்குள் பிறந்தவர் என்றால் நெருங்கிய உறவினர் சம்மதம் வேண்டும் என்ற விதி இன்று இருக்கிறது.

இன்னொன்றை நான் சொல்லாமல் விட முடியாது. ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1843-ல் நூற்றுக்கணக்கான மைல் நடந்தே, அப்போது மார்மன்கள் குடியிருந்த நாவூ நகருக்கு வந்து, ஜோசப் ஸ்மித் வீட்டில் இருந்து வேலை பார்த்தவர். தனக்கும் ஆலயச் சடங்குகள் வேண்டும் என்று யூட்டாவில் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். கறுப்பினத்தவருக்கு அது மறுக்கப்பட்ட காலம். 1894-ல் கொடுத்தார்கள், ஜோசப் ஸ்மித் குடும்பத்துக்கு நித்தியத்துக்கும் வேலைக்காரியாக. அந்தச் சடங்குக்குக்கூட அவரை உள்ளே விடவில்லை, அவருக்குப் பதிலாக வேறொரு பெண் நின்றார். 1908-ல் இறந்தார். தடை நீங்கியது 1978 ஜூனில். குடும்பம் நித்தியம் என்று சொன்ன சபை, அந்த வாசலில் ஒரு கிழவியை இத்தனை வருடம் நிறுத்திவைத்தது.

பலதாரமணம்? அது இன்னும் உண்டா?

உயிரோடு இருப்பவர்களிடம் கிடையாது. 1890-ல் உட்ரஃப் அறிக்கை வெளியிட்டு நிறுத்தினார், 1904-ல் மறுபடி கண்டிப்பாக்கினார்கள். இன்று இரண்டாவது மனைவி வைத்துக்கொண்டால் சபையைவிட்டு நீக்குவார்கள். அதைத் தொடரும் சிறு குழுக்கள் தனி.

ஆனால் நித்தியத் திருமணத்தைச் சொல்லும் அதே 132-ம் பாகம்தான் பலதாரமணத்தையும் சொல்கிறது. ஜோசப் ஸ்மித்துக்கு 30 முதல் 40 மனைவிகள்வரை முத்திரிக்கப்பட்டிருக்கலாம் என்று சபையே 2014-ல் எழுதியது. எம்மா இதில் பட்ட பாடு பெரியது. அந்த முடிச்சு இன்றும் முழுதாக அவிழவில்லை. மனைவி இறந்தால், கணவன் இன்னொரு பெண்ணோடும் நித்தியத்துக்கு முத்திரிக்கப்படலாம். அப்போது மறுமையில் இரண்டு மனைவியா?

2019 அக்டோபர் மாநாட்டில், சபையின் முதன்மைத் தலைமையில் இருந்த டாலின் எச். ஓக்ஸ் தனக்கு வந்த ஒரு கடிதத்தைச் சொன்னார். மனைவியை இழந்தவரை ஆலயத்தில் மணக்க யோசிக்கும் ஒரு பெண் எழுதியது. அங்கே எனக்குத் தனி வீடு கிடைக்குமா, இல்லை முதல் மனைவியோடு ஒரே வீட்டிலா என்று கேட்டிருந்தார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஓக்ஸும் முதல் மனைவியை இழந்து 2000-ல் மறுமணம் செய்தவர். ஆண்டவரை நம்பியிருங்கள், அங்கே உள்ளதைப் பற்றி நமக்குத் தெரிந்தது கொஞ்சம்தான் என்றார். நேர்மையான பதில்தான். ஆனால் அந்தப் பெண் கேட்டது சிரிக்கிற கேள்வியே இல்லை. மூத்தாள் வீட்டில் விளக்கேற்றப் போகும் எந்தப் பெண்ணுக்கும் அந்தப் பயம் உண்டு. அவளுக்கு அது ஒரு ஆயுசோடு போகும், இங்கே நித்தியம்.

விதவையும், விவாகரத்து ஆனவரும்?

உயிரோடு இருக்கும் பெண் ஒரே ஒரு ஆணோடுதான் முத்திரிக்கப்பட்டிருக்கலாம். இளம் வயதில் கணவனை இழந்தவர் மறுமணம் செய்யலாம், ஆனால் முதல் கணவனோடான முத்திரிப்பு நிற்கும்வரை இரண்டாமவரோடு இந்த வாழ்வுக்கு மட்டும்தான். இதனாலேயே அப்படிப்பட்டவர்களை மணக்கச் சிலர் தயங்குகிறார்கள். அந்தப் பெண் இறந்த பிறகு, வாழ்நாளில் சட்டப்படி மணந்த எல்லாக் கணவர்களோடும் முத்திரிக்கலாம். யாரோடு என்பது அங்கே தீரட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

கோர்ட் விவாகரத்து முத்திரிப்பை உடைக்காது. அதற்குச் சபையின் முதன்மைத் தலைமை அனுமதி கொடுக்க வேண்டும். பெற்றோரின் முத்திரிப்பு ரத்தானாலும் பிள்ளைகளின் உரிமை போகாது.

கல்யாணமே ஆகாதவர்கள்? சபையைவிட்டுப் போன பிள்ளைகள்?

தகுதியாக வாழ்ந்தும் இங்கே துணை கிடைக்காதவர்களுக்கு மறுமையில் வாய்ப்பு மறுக்கப்படாது என்று தலைவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். தனியாக இருக்கும் நடுவயதுப் பெண்ணுக்கு ஞாயிறுதோறும் குடும்பப் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கனம் என்பது வேறு விஷயம்.

தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களின் நிலை இதைவிடக் கடினம். 1995-ல் வெளியிட்ட குடும்பப் பிரகடனத்தின்படி திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் முத்திரிக்கப்பட வழியில்லை.

விட்டுப்போன பிள்ளைகளை நினைத்து அழாத தாயை நான் அங்கே பார்த்ததில்லை. எல்லாரும் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒரு நாற்காலி மட்டும் காலி. 'சோகமான சொர்க்கம்' என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். 1929-ல் ஆர்சன் எஃப். விட்னி என்ற அப்போஸ்தலர் (சபையின் உயர்மட்டத் தலைவர்களில் ஒருவர்), முத்திரிக்கப்பட்ட பெற்றோரின் வழிதவறிய பிள்ளைகளைத் தெய்வத்தின் கை என்றைக்காவது எட்டிப் பிடிக்கும் என்று ஆறுதல் சொன்னார். தாய்மார்கள் அதை இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் ஊரில் சொல்லும் ஏழேழு ஜென்மம் மாதிரியா?

இல்லை. மறுபிறவி அவர்களுக்குக் கிடையாது. பிறப்பதற்கு முன் கடவுளின் ஆவிப் பிள்ளைகளாக இருந்தோம், இங்கே ஒரே ஒரு வாழ்வு, பிறகு ஆவிகளின் உலகம், பிறகு உடலோடு உயிர்த்தெழுதல். அந்த உடலோடுதான் கணவனும் மனைவியும் சேர்கிறார்கள்.

செத்த பிறகு ஆளுக்கொரு கிரகம் கிடைக்குமாமே?

கேலிப்படங்களில் வருவது அது. மேன்மைப்பட்ட தம்பதி கடவுளைப் போலாகி, அவர்களுக்கும் முடிவில்லாத சந்ததி உண்டு என்பது போதனை. கிரகம் பிரித்துக் கொடுப்பதாகச் சபை போதிப்பதில்லை. இதில் நான் முக்கியமாக நினைப்பது வேறு. பரலோகத்தில் தந்தை மட்டும் இல்லை, தாயும் உண்டு என்று நம்புகிறார்கள். 1845-ல் எலைசா ஆர். ஸ்னோ அதைக் கவிதையில் எழுதினார், அது இன்றும் கீர்த்தனைப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தாயிடம் ஜெபம் செய்வதில்லை.

இந்தியாவில் இது எப்படி?

சென்னை உட்பட சில ஊர்களில் சபைகள் உண்டு. ஆலயச் சடங்குக்கு வெளிநாடு போக வேண்டியிருந்தது, விமானச் செலவு சேர்க்கப் பல குடும்பங்கள் வருடக்கணக்கில் காத்திருந்தன. பெங்களூருவில் ஓர் ஆலயம் கட்டப்படும் என்று 2018 ஏப்ரலில் அறிவித்தார்கள், 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள்.

மார்மன் நண்பர் வீட்டில் சாவு. போனால் என்ன பேசுவது?

இறந்தவரைப் பற்றிக் கேளுங்கள், அவர்களே பேசுவார்கள். "இனி பார்க்க மாட்டோமே" என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர்கள் நம்பிக்கையில் அது உண்மை இல்லை. அதற்காக அழக்கூடாது என்றும் இல்லை, எல்லாரையும் போல அழுவார்கள். ஆலயச் சடங்குகளைப் பெற்றவர் என்றால் ஆலய உடுப்பிலேயே அடக்கம் செய்வார்கள். ஆசாரியத்துவம் உள்ள ஒருவர் கல்லறையை அர்ப்பணித்து ஜெபிப்பார், உயிர்த்தெழும் நாள்வரை அந்த இடம் காக்கப்படட்டும் என்று. சபைப் பெண்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள். சீஸும் க்ரீமும் போட்டு அவனில் வேகவைத்த உருளைக்கிழங்கு கட்டாயம் இருக்கும். அதற்குப் பெயரே 'சாவு வீட்டு உருளைக்கிழங்கு'.

பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் இறந்தபோது நானும் போயிருந்தேன். சில மாதம் கழித்து, கல் நட்டாயிற்று, பார்க்க வா என்று கூட்டிப்போனார். முகப்பில் அவர்கள் முத்திரிக்கப்பட்ட ஆலயத்தின் படம், அடியில் அந்தத் தேதி. பின்பக்கம் ஆறு பிள்ளைகளின் பெயர். கணவர் பெயருக்குப் பக்கத்தில் இவருடைய பெயரும் பிறந்த வருடமும் ஏற்கெனவே செதுக்கியிருந்தது, இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அதை ஒட்டி, புல்லோடு புல்லாக, ஒரு சின்னக் கல். நாலு வயதில் இறந்த பையன். சின்னதில் செத்த குழந்தையை உயிர்த்தெழுந்த பிறகு பெற்றவளே வளர்ப்பாள் என்பது அவர்களிடம் சொல்லிவரும் போதனை.

குனிந்து அந்தக் கல்மேல் கிடந்த சருகைத் தள்ளினார். "அவருக்குப் பிள்ளைங்களைக் குளிப்பாட்டவே தெரியாது. நான் போய்த்தான் பார்க்கணும்" என்றார்.